ஓவன் இல்லாமலே ஆப்பிள் சின்னமன் ரோல்: ஸ்லோ குக்கரில் செய்வது எப்படி? எந்தப் பட்டை வாங்கணும்?

சின்னமன் ரோல் சாப்பிடணும்னா பேக்கரிக்குத்தான் போகணும், வீட்ல செய்யணும்னா ஓவன் வேணும்னு பலரும் நினைக்கிறாங்க. ஆனா சூப், ஸ்டூ, பீன்ஸ் வேகவைக்கும் ஸ்லோ குக்கரிலேயே இதை மெத்துன்னு செய்யலாம். மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும். அதில் நாம நின்னு வேலை பார்க்க வேண்டியது 40 நிமிடம்தான்.

புதுசா செய்யறவங்க பெரும்பாலும் இரண்டு இடத்தில் கோட்டை விடுறாங்க. ஒன்று, மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர். இன்னொன்று, எந்தப் பட்டைத்தூள் போடுறோம் என்பது. முதலாவது ரோலைக் கெடுத்துவிடும். இரண்டாவது, வீட்ல சின்னக் குழந்தைகள் இருந்தா கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம். இரண்டையும் பார்க்கலாம் வாங்க.

ஸ்லோ குக்கர் என்றால் என்ன?

நம்ம ஊர்ல குக்கர்னு சொன்னாலே விசில் அடிக்கும் பிரஷர் குக்கர்தான் நினைவுக்கு வரும். இது வேற. கனமான பீங்கான் பாத்திரம், அதைச் சுற்றி மின்சாரத்தில் சூடாகும் வெளிக்கூடு, மேலே கண்ணாடி மூடி. அவ்ளோதான். அழுத்தம் கிடையாது. கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில் மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும்.

இதன் பின்னால் ஒரு சுவாரஸ்யமான கதை இருக்கு. அமெரிக்காவைச் சேர்ந்த இர்விங் நாக்சன் என்பவர் இதற்கு 1940-ல் காப்புரிமை பெற்றார். லிதுவேனியாவில் யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை மாலை சோலென்ட் என்ற உணவைப் பானையில் போட்டு, ஊர் பேக்கரியின் அடுப்பில் வைத்துவிட்டு வருவார்களாம். அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே இரவு முழுக்க அது வெந்துவிடும். அம்மா சொன்ன இந்தக் கதைதான் நாக்சனுக்கு யோசனை தந்தது. பிறகு ரைவல் நிறுவனம் இதை வாங்கி, 1971-ல் 'கிராக்-பாட்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று பேக்கரி அடுப்பு பானைக்கு உதவியது. இன்று அந்தப் பானையே பேக்கரி வேலை பார்க்குது!

என்னென்ன தேவை? (10 ரோல்கள், 5 முதல் 6 லிட்டர் குக்கருக்கு)

மாவுக்கு:
- மைதா 375 கிராம்
- இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம்
- சர்க்கரை 50 கிராம்
- உப்பு முக்கால் டீஸ்பூன்
- வெதுவெதுப்பான பால் 180 மில்லி
- முட்டை 1
- உருக்கிய வெண்ணெய் 50 கிராம்

ஆப்பிள் பூரணத்துக்கு:
- ஆப்பிள் 2 (சுமார் 300 கிராம்)
- வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன்
- நாட்டுச் சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன்
- எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன்
- சோள மாவு 1 டீஸ்பூன்

மாவில் தடவ:
- மிருதுவான வெண்ணெய் 50 கிராம்
- நாட்டுச் சர்க்கரை 100 கிராம்
- பட்டைத்தூள் 3 டீஸ்பூன் (சுமார் 8 கிராம்)

முட்டை வேண்டாம் என்பவர்கள் அதற்குப் பதில் 50 மில்லி பால் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

எந்த ஆப்பிள் சரி?

பச்சை நிற கிரானி ஸ்மித் ரொம்பப் பொருத்தம். புளிப்பும் இருக்கும், வெந்தாலும் துண்டு கரையாது. அது கிடைக்கலைன்னா, கையில் அழுத்தினால் அமுங்காத, கெட்டியான சிவப்பு ஆப்பிளை வாங்குங்க. மாவு மாவாக இருக்கும் பழைய ஆப்பிள் வேண்டாம், கூழாகிவிடும். சிவப்பு ஆப்பிளில் இனிப்பு அதிகம் என்பதால் எலுமிச்சைச் சாற்றை 2 டீஸ்பூன் ஆக்கிக்கலாம்.

செய்முறை: படிப்படியாக

1. முதலில் ஆப்பிள். தோல் சீவி, கடலைப்பருப்பை விடக் கொஞ்சம் பெரிய துண்டுகளாக நறுக்குங்க. வெண்ணெயில் போட்டு, நாட்டுச் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு சேர்த்து 5 நிமிடம் வதக்குங்க. தண்ணீர் விட்டு வரும். சோள மாவை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அது கெட்டியாகிவிடும். நன்றாக ஆறவிடுங்க. பச்சையாக அப்படியே போட்டால், வேகும்போது அந்தத் தண்ணீரெல்லாம் மாவுக்குள் இறங்கி, நடுவில் களி மாதிரி ஆகிடும்.

2. அடுத்து மாவு. பால் விரலுக்கு வெதுவெதுப்பாக, அதாவது 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் போதும். கொதிக்கும் பாலை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். மாவுக்கான எல்லாப் பொருளையும் சேர்த்து 8 முதல் 10 நிமிடம் பிசையுங்க. முதலில் கையில் ஒட்டும். அவசரப்பட்டு மைதாவை அள்ளிப் போட வேண்டாம். பிசையப் பிசைய வழவழப்பாகிவிடும். 10 நிமிடம் மூடி வைங்க.

3. மாவை 40 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலத்தில் செவ்வகமாகத் தேய்க்கணும். மிருதுவான வெண்ணெயைத் தடவி, நாட்டுச் சர்க்கரையும் பட்டைத்தூளும் கலந்து தூவி, அதன் மேல் ஆப்பிளைப் பரப்புங்க. நீளமான பக்கத்திலிருந்து பாய் சுருட்டுவது மாதிரி சுருட்டுங்க.

4. கத்தியால் அழுத்தி வெட்டினால் ரோல் நசுங்கிப் பூரணம் வெளியே வரும். ஒரு சுத்தமான நூலை அடியில் விட்டு, மேலே குறுக்காக இழுத்தால் அழகாக வெட்டுப்படும். 4 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 10 துண்டுகள் வரும்.

5. குக்கர் பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் பேக்கிங் பேப்பர் விரித்து, லேசாக வெண்ணெய் தடவி, ரோல்களைக் கொஞ்சம் இடைவெளி விட்டு அடுக்குங்க. மெழுகு பூசிய பேப்பர் கூடாது, சூட்டில் மெழுகு உருகிவிடும். குக்கரை ஆன் செய்யாமல் மூடி 30 முதல் 40 நிமிடம் வைத்தால் ரோல்கள் உப்பி ஒன்றோடொன்று தொட ஆரம்பிக்கும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரமே நடக்கும்.

6. இப்போது மூடிக்கு அடியில் துணி கட்டி, 'ஹை'-யில் வைங்க. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் தயார்.

மூடிக்கு அடியில் துணி எதற்கு?

இந்த செய்முறையின் உயிர்நாடியே இதுதான். ஸ்லோ குக்கரில் நீராவி வெளியே போகாது. மூடியில் பட்டுத் தண்ணீராகி, நேரா ரோல் மேலேயே சொட்டும். குழம்புக்கு அது நல்லது. பிரெட்டுக்கு ஆகாது. மேல்பக்கம் ஊறிப்போய், வேகாத கொழுக்கட்டை மாதிரி ஆயிடும்.

அதனால் சுத்தமான, தடிமனான பருத்தித் துணியைப் பாத்திரத்தின் வாய் மேல் இழுத்து விரித்து, அதன் மேல் மூடியை வைங்க. துணியின் நுனிகளை மேலே தூக்கி மூடியின் கைப்பிடி மேல் முடிச்சுப் போடணும். நுனி தொங்கிச் சூடான வெளிக்கூட்டில் பட்டால் தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு. இந்த நேரத்தில் குக்கரை விட்டுவிட்டு வெளியே போகவே கூடாது.

ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை மட்டும் திறங்க. துணி ஈரமாயிருந்தால் காய்ந்த துணியை மாற்றுங்க. கையுறை போட்டுப் பாத்திரத்தை அரைச்சுற்று திருப்பி வைங்க. பல குக்கர்களில் ஒரு பக்கம் சூடு அதிகமாக இருக்கும், இல்லைன்னா அந்தப் பக்க ரோல்கள் கருகிடும். அதற்கு முன்னாடி அடிக்கடி திறந்து பார்த்தால் சூடு போய் நேரம்தான் நீளும்.

வெந்துவிட்டதா என எப்படித் தெரியும்?

மேலே பழுப்பு நிறம் வருமான்னு பார்த்துக் காத்திருக்காதீங்க, வராது. ரொட்டி நன்றாகச் சிவக்க 140 டிகிரிக்கு மேல் சூடு வேணும். ஸ்லோ குக்கரின் உள்ளே அவ்வளவு சூடு எழாது. பாத்திரத்தை ஒட்டிய ஓரம் மட்டும் சிவந்திருக்கும். நடுவில் இருக்கும் ரோலைப் பாருங்க. விரலால் தொட்டால் திரும்ப எழும்பணும், குச்சி குத்தினால் பச்சை மாவு ஒட்டக்கூடாது. உணவு தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 90 டிகிரி காட்டணும். முட்டையும் பச்சை மைதாவும் இருப்பதால் அரைவேக்காட்டில் சாப்பிட வேண்டாம். குழந்தைகள் மாவை எடுத்து ருசி பார்ப்பதையும் தடுங்க.

பட்டையில் இரண்டு வகை: குழந்தைகளுக்கு ஏன் முக்கியம்?

பிரியாணிக்குப் போடும் தடிமனான, மரப்பட்டை மாதிரி கெட்டியான பட்டை பெரும்பாலும் கேசியா வகை. சுருட்டு மாதிரி, பல மெல்லிய அடுக்குகளாக, கையால் நொறுக்கினாலே உடைவது சுருள் பட்டை. இதுதான் இலங்கையின் புகழ்பெற்ற கறுவா. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இந்த இரண்டுக்கும் தனித்தனித் தர வரையறைகள் உள்ளன.

வித்தியாசம் வாசனையில் மட்டும் இல்லை. கேசியாவில் கூமரின் என்ற இயற்கைப் பொருள் அதிகம். இது அளவுக்கு மீறி, தொடர்ந்து உடலில் சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். இலங்கைக் கறுவாவில் இது மிக மிகக் குறைவு. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின் வரை பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதை எளிதாகச் சொல்கிறது: 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 2 கிராம் கேசியா, 15 கிலோ குழந்தைக்கு 0.5 கிராம்.

இப்போ நம்ம ரோலுக்கு வருவோம். 8 கிராம் தூளை 10 ரோல்களுக்குப் பிரித்தால், ஒன்றில் 0.8 கிராம். அதாவது கேசியா தூளாக இருந்தால், ஒரே ஒரு ரோலிலேயே 15 கிலோ குழந்தையின் அளவு தாண்டிவிடும்.

பயப்பட வேண்டாம். என்றைக்கோ ஒருநாள் ஒரு ரோல் சாப்பிட்டால் ஆபத்து இல்லை. இந்த வரம்பு தினமும், நீண்ட காலம் சாப்பிடுவதற்கானது. ஆனால் அடிக்கடி செய்யும் வீடாக இருந்தால் சுருள் பட்டையை வாங்கி மிக்ஸியில் பொடித்துக்கொள்வது நல்லது. தூளாக வாங்கினால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்க.

டென்மார்க்கில் 2013-ல் இதுவே பெரிய சர்ச்சையானது. சாதாரண பேக்கரிப் பண்டங்களில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், பாரம்பரிய அல்லது பண்டிகைக் காலப் பண்டங்களில் 50 மில்லிகிராம் கூமரின் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. எங்கள் சின்னமன் ரோலுக்கு 15-ஐ வைத்தால் ருசியே போய்விடும் என்று அங்குள்ள பேக்கரிக்காரர்கள் போர்க்கொடி தூக்கினார்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டைத்தூளை மாவிலேயே கலந்துவிடலாமா?
வேண்டாம். பட்டையின் காரம் ஈஸ்ட்டின் வேகத்தைக் குறைக்கும், மாவு சரியாக உப்பாது. தூவித்தான் சுருட்டணும்.

இரவே அடுக்கி, டைமர் வைத்துவிட்டுத் தூங்கலாமா?
கூடாது. பாலும் முட்டையும் கலந்த மாவு மணிக்கணக்கில் வெளியே இருந்தால் கெட்டுவிடும். இரவே தயார் செய்யணும்னா ரோல்களை ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் அறைச் சூட்டுக்கு வந்ததும் குக்கரில் வைங்க. பீங்கான் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த கையோடு சூடாக்கினால் விரிசல் விடும். அதனால் வேறு தட்டில் வைப்பது நல்லது.

'வார்ம்' மோடில் வேகுமா?
வேகாது. அது வெந்த உணவைச் சூடாக வைத்திருக்க மட்டும்தான்.

மேலே என்ன ஊற்றலாம்?
100 கிராம் கிரீம் சீஸ், 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், ஒரு கப் பொடித்த சர்க்கரை மூன்றையும் அடித்து, ரோல் வெதுவெதுப்பாக இருக்கும்போது தடவலாம். தடவிய பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீங்க. ஃப்ரிட்ஜில் 3 நாள் வரை இருக்கும்.

ஸ்வீடனில் 1999 முதல் அக்டோபர் 4-ஐ சின்னமன் ரோல் தினமாகவே கொண்டாடுறாங்க. நம்ம வீட்டுக்கு அப்படி ஒரு நாள் தேவையில்லை. லீவு நாள் மதியம் மூன்று மணி நேரம் போதும். மறக்கக்கூடாதது இரண்டே விஷயம்: மூடிக்கு அடியில் துணி, டப்பாவில் சுருள் பட்டை.