வெளுத்த பணம்

1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும், சேலம், நாமக்கல் சமவெளியும் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாந்தர் ரீடு நிலம் அளந்து, ஏற்றம் இறைத்தவனிடமே நேரில் வரி விதித்தார். அதே சேலத்தில் துணி வாங்கவும் கம்பெனி ஓர் அதிகாரியை அமர்த்திற்று. உழவன் கட்டிய கிஸ்தியில் ஒரு பங்கு நெசவாளிக்கு முன்பணமாயிற்று. அவன் நெய்த துணி கப்பலேறி இலண்டனிலே பவுனாயிற்று. கம்பெனியின் ஏடு இதற்குச் சூட்டிய பெயர் 'முதலீடு'! முதல் நம்முடையது, ஈடு எங்கே என்று கேட்பாரில்லை.

இது கணக்கில் ஏறிய பணம். கணக்கில் ஏறாத பணம் கடல் கடந்த கதை இதனினும் பழையது. சேலம் கைக்கு வருமுன்பே ஆர்க்காட்டுச் சீமையில் அரங்கேறியது அது.

சில நூறு பவுன் ஊதியத்துக்குச் சென்னைக் கோட்டைக்கு வந்தோர் இலட்சங்களோடு ஊர் திரும்பினர். கையூட்டாகவும் கொடுவட்டியாகவும் சேர்ந்த பணத்தைக் கம்பெனியின் உண்டியல் வழியே அனுப்பினால், "ஏது இவ்வளவு?" என்று மேலிடம் கேட்குமே! எனவே வைரம் வாங்கினர். கவர்னர் தாமஸ் பிட் 1702-இல் 48,000 வராகனுக்கு வாங்கிய ஒரே கல்லை 1717-இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார். வைரம் போதாதபோது தரங்கம்பாடி டேனியரையும், டச்சுக்காரரையும், பிரெஞ்சுக்காரரையும் நாடினர். ஆங்கிலேயன் இங்கே பணத்தைக் கொடுப்பான். அயலார் அதைக்கொண்டு சரக்கு வாங்கி ஐரோப்பாவில் விற்று, அங்கே அவன் ஆளிடம் பணத்தை எண்ணி வைப்பர். கம்பெனியின் போட்டியாளனுக்குக் கம்பெனி ஊழியனே முதலாளி! இன்று அமலாக்கத் துறை 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையிலேந்தித் தேடுகிறதே, அதே தொழில்.

இவற்றையெல்லாம் விஞ்சியது நவாபு முகமது அலியின் கடன். 20 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி. ரொக்கத்துக்குப் பதில் வரி தண்டும் உரிமை. பத்திரத்தில் எழுதிய தொகை உண்மையில் கைமாறியதா என்பதை எவரும் பார்க்கவில்லை. இலஞ்சமும் பத்திரத்தில் ஏறிவிட்டால் கடன்தானே! செலுத்தியவன் ஆர்க்காட்டு உழவன். சேலத்தான் அப்போது மைசூர் ஆட்சியில் இருந்ததால் இந்த வலைக்குத் தப்பினான்.

1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு நவாபு தஞ்சையைப் பிடித்தார். அதை மன்னருக்குத் திருப்பித் தர 1776-இல் கவர்னர் பிகட் முனைந்தபோது, பால் பென்பீல்டு என்ற கம்பெனி ஊழியர், தஞ்சை விளைச்சலிலிருந்தும் குடிகளிடமிருந்தும் தமக்கு 2,34,000 பவுன் வரவேண்டும் என்றார். ஊழியருக்கு ஏது இத்தொகை? பிகட் மறுத்தார். ஆகஸ்டு 24-இல் ஆலோசனை சபையின் பெரும்பான்மையினர் கவர்னரையே சிறைப்படுத்தினர். மறு ஆண்டு மே மாதத்தில் காவலிலேயே மாண்டார் அவர்.

பென்பீல்டோ 1780-இல் பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினரானார்! ஆர்க்காட்டுப் பணத்தில் இடம் பிடித்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். கடன்களை விசாரிக்கவேண்டும் என்றது 1784-ஆம் ஆண்டுச் சட்டம். விசாரணையின்றியே தீர்க்க ஆணையிட்டது தலைமை அமைச்சர் இளைய பிட்டின் அரசு. வைரம் விற்ற தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரன்தான் அவர்! 1785 பிப்ரவரி 28-இல் எட்மண்டு பர்க் மன்றத்திலே இடிமுழக்கம் செய்தும் பயனில்லை. ஆண்டுதோறும் 12 இலட்சம் வராகன் ஒதுக்கப்பட்டது. கறை படிந்த பத்திரத்தை இறுதியாக வெளுத்துத் தந்த துறை, சட்டம் செய்யும் மன்றமே.

1801-இல் கர்நாடகம் கம்பெனிக்குரியதாயிற்று. புதிய கடன்களென்று 3 கோடி பவுனுக்குக் கோரிக்கைகள் குவிந்தன. 1805-இல் அமைந்த ஆணையம் 1814-க்குள் 2 கோடி பவுனளவு ஆராய்ந்து, மெய்யென ஏற்றது 13 இலட்சம் சொச்சமே, ஏனையவை பொய். ஆனால் 1785-இல் ஆராயாமல் ஏற்ற பழைய பத்திரங்களை அந்த ஆணையம் தொடவில்லை. அவற்றுக்குரிய பணம் முதலும் வட்டியுமாக முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது.