கும்பினி, கம்பினி, கம்பெனி

சேரப்பணஞ்சேரியில் காலை ஷிப்டு பஸ்ஸுக்கு நிற்கிற பையனிடம் 'எங்கே வேலை?' என்று யாரும் கேட்பதில்லை, 'எந்தக் கம்பினி?' என்றுதான் கேட்கிறார்கள். அதே பையன் சாயங்காலம் டீக்கடைப் பக்கம் ஒதுங்கும்போது கூட்டாளியிடம் 'வாடா, கொஞ்சம் கம்பெனி குடு' என்கிறான். காலையில் முதலாளி, மாலையில் சிநேகிதன். பேச்சில் இந்த இரண்டும் முட்டிக்கொள்வதில்லை. எனக்கு முட்டுகிறது.

சிநேகிதன்தான் மூத்தவன். பிற்கால லத்தீனில் 'கொம்பானியோ': 'கொம்' என்றால் உடன், 'பானிஸ்' என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவன். சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், படைப்பிரிவுக்கும் வணிகர் கூட்டுக்கும் பெயராகி, 1600 டிசம்பர் 31இல் எலிசபெத் ராணியின் பட்டயத்தோடு கிழக்கிந்தியக் கம்பெனியாயிற்று. ரொட்டி போய் லாபம் வந்தது. (பந்தியில் யார் உட்காரலாம் என்கிற கேள்வி மட்டும் போகவில்லை.)

நம்மிடம் அது சிநேகிதனாக வரவில்லை. 'கும்பினியார்' என்று மரியாதைப் பன்மையோடு, வரி கேட்டுக்கொண்டு வந்தது. கட்டபொம்மன் கதைப்பாடல்களில் கும்பினி எதிரியின் பெயர். இந்தப் பக்கத்தில் அதற்கும் முன்பே நிலத்துக்கு எஜமான்: 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். ஆக, ஒரகடம் வட்டாரம் 'கம்பெனி நிலம்' ஆவது இது முதல் தடவையல்ல.

அப்போது இந்த வயல்களில் உழைத்தவனுக்கு இருந்த பெயரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்: படியாள். படியால் அளந்த தானியமே கூலி. அளவையே ஆளின் பெயர். அங்கே ரொட்டியைப் பிட்டுக்கொள்கிறவர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே ஒருவன் அளக்கிறான், ஒருவன் துண்டை விரித்து நிற்கிறான். நிற்கிறவனுக்குச் சாதியும் உண்டு. 1858இல் கும்பினி ஆட்சி போயிற்று, படியாள் போகவில்லை. 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலமின்மையைப் பற்றி எழுதிய குறிப்பே இதற்குச் சாட்சி. அளந்து போட்டதை 'செஞ்சோற்றுக் கடன்' என்று விசுவாசமாகத் திருப்பி வசூலிக்கிற சொல்லாடலும் நம்மிடம் தயாராக இருந்தது. 'சோறு போடற கம்பினிய எதுத்துப் பேசலாமா?' என்று இன்றைக்கும் பெரியவர்கள் கேட்கிறார்களே, அது லத்தீனிலிருந்து வந்ததல்ல.

சோறு எப்படி இருந்தது என்பதையும் கேட்கவேண்டுமில்லையா. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலைசெய்த பெண்கள், விடுதிச் சாப்பாடு விஷமாகிப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட பிறகு, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 'உடன் உண்போர்' என்கிற சொல்லின் மூலப்பொருள் இந்த வட்டாரத்தில் எனக்குக் கண்ணால் தெரிந்தது அந்தச் சாலையில்தான், ஆலைக்குள்ளே அல்ல.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. கூலி, வேலைநேரம் எல்லாம் கோரிக்கையில் இருந்தன. ஆனால் முடிச்சு விழுந்தது சங்கத்தைப் பதிவு செய்வதில். சங்கம் தன் பெயரில் 'சாம்சங்' என்று போட்டுக்கொள்ளக்கூடாது என்றது நிர்வாகம். கம்பெனிப் பெயர் போட்ட சட்டையோடு தினமும் பஸ் ஏறலாம். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிடலாம். அதே பெயரைத் தாங்கள் கூடிய கூட்டத்துக்கு மட்டும் வைக்கக்கூடாது! விஷயம் உயர்நீதிமன்றம் வரை போயிற்று. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது, அந்தப் பெயரோடேயே.