வில்லைகளைத் தெரிதல்

புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையில், ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் களப்பும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கிறது கற்பிட்டித் தீபகற்பம். ஒல்லாந்தர் 1676ஆம் ஆண்டில் கட்டி முடித்த கோட்டை அங்கே நிற்கிறது. தெற்கே உடப்பில் திரௌபதியம்மன் கோயிலின் தீமிதி விழா ஆண்டுதோறும் நிகழ்கிறது. கரைக்கு அப்பால் டொல்பின்கள் கூட்டங்கூட்டமாகத் துள்ளுகின்றன. நீருக்கடியில் பவளப்பாறை படர்ந்திருக்கிறது. இந்நான்கையும் ஒரே டிஜிட்டல் கமராவினால் படம்பிடிக்கலாம். ஆனால், ஒரே வில்லையினால் நான்கையும் செம்மையாகப் பிடிப்பது அரிது. அதற்குக் காரணம் யாது என்பதை வில்லையின் வரலாறு நன்கு விளக்கும்.

1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு டாகரின் படமுறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, வில்லைகளின் திறப்பு மிகச் சிறியதாயிருந்தது. படத்துக்கு அமர்ந்தவர் பல நிமிடம் அசையாதிருக்க வேண்டும். மறு ஆண்டிலேயே வியன்னாப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் யோசேப் பெட்ஸ்வால், கணக்கிட்டு ஒரு புதிய வில்லையை வகுத்தார். எஃப் 3.6 என்னும் அதன் அகன்ற திறப்பு, முன்னையதைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேற்பட்ட ஒளியை உள்ளே விட்டது. படத்தின் நடு தெளிவாகவும் ஓரங்கள் மங்கலாகவும் அமைந்தன. எனினும், மனித முகத்தைப் பதிக்க அதுவே போதுமானதாயிற்று. இன்று எஃப் 1.8 திறப்புடைய 50 மில்லிமீற்றர் வில்லை செய்வதும் அதே பணிதான். பொழுது சாய்ந்தபின் தீயின் ஒளியில் அடியாரின் முகத்தைப் பிடிக்க விரும்புவோர்க்கு இதனினும் ஏற்ற துணை வேறில்லை.

முகத்துக்கு உதவிய வில்லை மதிலுக்கு உதவவில்லை. அக்கால வில்லைகள் பலவற்றில் நேர்கோடுகள் ஓரத்தில் வளைந்து தோன்றின. 1866ஆம் ஆண்டில் இலண்டனில் டால்மேயரும் மியூனிச்சில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே இக்குறையை நீக்கினர். டால்மேயர் செய்த 30 அங்குலக் குவியத் தூர வில்லையொன்றைக் கையாண்டவர்களுள் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் ஒருவர். அவர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்தார். கோடுகளை நேராகக் காட்டவல்ல வில்லையை அவர் கட்டடங்களுக்கன்றி முகங்களுக்கே பெரிதும் பயன்படுத்தினார் என்பது கருதத்தக்கது. கருவி எதுவாயினும், எதனைக் காண்பது என்று முடிவுசெய்வது மனிதரே அன்றோ!

மூன்றாவது தேவை, எட்டாததை எட்டுவது. குவியத் தூரம் நீண்டால் தொலைவிலுள்ள பொருள் பெரிதாகத் தோன்றும். ஆனால் குழாயும் நீண்டுவிடும். குவிவில்லைத் தொகுதியின் பின்னே குழிவில்லைத் தொகுதியைச் சேர்த்துக் குழாயைக் குறுக்கும் தொலைவில்லை 1891ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலும் செருமனியிலும் உருவாயிற்று. டொல்பின்களைத் துரத்தி அவற்றின் அமைதியைக் குலைக்காமல், படகைத் தள்ளி நிறுத்திப் படமெடுக்க 70 முதல் 300 மில்லிமீற்றர் வரையிலான வில்லை உதவுகிறது. கமராவின் உணரி சிறியதாயின், அக்காட்சி மேலும் ஏறத்தாழ 1.5 மடங்கு நெருங்கும். அதே காரணத்தால், கோட்டை முழுவதையும் அடக்க அந்தக் கமராவுக்கு 18 மில்லிமீற்றர் போன்ற குறுகிய குவியத் தூரம் வேண்டும்.

நீருக்கடியில் விதி மாறுகிறது. அங்கே 1893ஆம் ஆண்டிலேயே படம்பிடித்தவர் பிரான்சு நாட்டு உயிரியலாளர் லூயி பூத்தான். தட்டையான கண்ணாடி வழியே நோக்கினால், ஒளி முறிவினால் பொருள்கள் உள்ள தொலைவின் முக்காற் பங்கிலேயே தோன்றும்; பார்வைப் பரப்பும் சுருங்கும். தொலைவு கூடக் கூட நீர் செந்நிறத்தை விழுங்கிவிடும். ஆதலால் பவளத்தை மிக அணுகி, அகன்ற பார்வையுள்ள வில்லையைக் குவிமாடக் கண்ணாடியின் பின்னே வைத்து எடுப்பதே முறை.

இங்கேதான் வில்லைத் தெரிவு வெறும் பொழுதுபோக்கு அன்று என்பது புலனாகிறது. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப்பாறைப் பகுதி 1992ஆம் ஆண்டில் கடற்சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1998இல், கடல் வெப்பமடைந்து பவளங்கள் வெளிறின. ஆழங்குறைந்த பகுதிகளில் பெரும்பாலானவை மடிந்தன. 2016ஆம் ஆண்டில் மீண்டும் அவ்வாறே நேர்ந்தது. இழந்தது எவ்வளவு, மீண்டது எவ்வளவு என்று ஒப்பிடப் பழைய படங்கள் வேண்டும். அவை ஒரே இடத்தில், ஒரே தொலைவில், ஒரே குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டிருந்தால்தான் படங்களின் வேறுபாட்டைப் பாறையின் மாற்றமாகக் கொள்ள முடியும். வில்லையை மாற்றிக்கொண்டே இருந்தவரின் படங்கள் அழகாயிருக்கலாம். சான்றாக நிற்பது கடினம்.

ஆகவே, கடற்கரையில் வாழும் ஓர் இளைஞர் தம் சிறு சேமிப்பைக் கொண்டு முதலில் வாங்க வேண்டியது, தாம் மீண்டும் மீண்டும் காண விரும்பும் பொருளுக்கு ஏற்ற ஒரு வில்லையே. கமராவுடன் வரும் 18 முதல் 55 மில்லிமீற்றர் வில்லை கோட்டைக்கும் தெருவுக்கும் போதும். இரவு விழாவை நாடுவோர் அகன்ற திறப்புடையதையும், கடலை நாடுவோர் தொலைவில்லையையும் பின்னர் சேர்க்கலாம். உப்புக்காற்று வீசும் படகில் வில்லையைக் கழற்றி மாட்டுவதைத் தவிர்த்தல் நன்று. ஈரத்தில் வில்லையின்மேல் பூஞ்சணம் படரும் என்பதையும் மறத்தலாகாது. பெட்டி நிறைய வில்லைகள் இருப்பதிலும், ஒன்றின் இயல்பை முற்றும் அறிந்து, அதனோடு பல ஆண்டுகள் ஒரே கரையை நோக்குவது மேலானது. அவ்வாறு எடுக்கப்படும் படங்களே, அக்கரை பின்னாளில் மாறும்போது அதன் வரலாறாக நிற்கும்.