ஏரிக்கரையும் நிலவாடகையும்: லௌசிற்ஸ் சுரங்க நிலம் பற்றிய சில குறிப்புகள்

கிழக்கு ஜேர்மனியின் லௌசிற்ஸ் பிரதேசத்திலே பழுப்பு நிலக்கரி அகழ்ந்த பெருங்குழிகள் பல இன்று ஏரிகளாகியுள்ளன. சுற்றுலாப் பிரசுரங்கள் இதனை இயற்கையின் மீட்சி என வருணிக்கும். நாம் இதனை உழைப்பினதும் நிலவுடைமையினதும் வரலாறாகவே நோக்குகின்றோம்.

இம்மாற்றம் முதலாளித்துவச் சந்தையிலே தொடங்கியதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. நீம்ச் சுரங்கக் குழி 1967 முதல் 1972 வரை ஆற்றுநீரால் நிரப்பப்பெற்றது. ஜேர்மன் சனநாயகக் குடியரசு 1973இல் அதனைச் சென்ப்ரென்பேர்க் ஏரியாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறையிற் கூடிய கரை அது.

ஆயின், அதே அரசு நிலக்கரிக்காக ஊர்களையும் அழித்தது. முற்போக்காளர் இதனை மறைத்தல் தகாது. 1920கள் முதலாக லௌசிற்ஸில் முற்றாகவோ பகுதியாகவோ அழிந்த ஊர்கள் 130க்கு மேற்பட்டவை. சிலாவியச் சிறுபான்மையினரான சோர்பியரின் ஊர்கள் அவற்றுட் பல. மொழி வீட்டு முற்றத்திலும் தேவாலயத்திலும் வாழ்வது; ஊர் கலைந்து நகரத்து மாடிக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தபின் அதற்கு இடம் ஏது? ஆட்சி மாறியும் இது நின்றுவிடவில்லை. சோர்பியரின் குடியிருப்பு நிலத்துக்குப் பிராண்டன்பேர்க் அரசியலமைப்புப் பாதுகாப்பு அளித்திருந்தும், ஹோர்னோ என்னும் ஊர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது.

1990இன் பின் சுரங்கங்கள் பெரும்பாலும் மூடப்பட்டன, பல்லாயிரவர் வேலையிழந்தனர். குழிகளைச் சீர்செய்யும் பொறுப்பை அரச நிறுவனமொன்று ஏற்றது. இதுவரை 1,000 கோடி யூரோவுக்கு மேற்பட்ட பொதுப்பணம் செலவாகியுள்ளது. நீர் ஏற ஏறக் கரையோர மனைகளின் பெறுமதியும் ஏறிற்று. செலவு சமூகத்தினது, நிலவாடகையோ மனை உடையவர்க்குரியது. குறோஸ்ரேஷனிலே நிலக்கரிக் கம்பனியின் மணமாகாத ஊழியர் தங்கிய விடுதி இன்று ஏரிக்கரை ஹோட்டலாக விளங்குகின்றது. வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

லௌசிற்ஸுக்கு அப்பால், சக்சனி-அன்ஹால்ற் மாநிலத்து நாக்ரர்ஸ்ரெட்டிலும் இவ்வாறே பழைய சுரங்கக் குழியொன்று உல்லாச ஏரியாகி வந்தது. 2009 யூலை 18ஆந் திகதி அதிகாலையிலே அதன் கரை சரிந்து, ஓரத்துக் குடியிருப்பின் வீடுகளை நீருள் இழுத்துச் சென்றது. மூவர் மாண்டனர். நிலத்தடி நீரின் அழுத்தமே முதன்மைக் காரணம் எனப் பின்னர் நிபுணர் கண்டனர். எஞ்சிய வீட்டினரும் தம் வீடுகளுக்குத் திரும்பவில்லை. ஏரியின் ஒரு பகுதி 2019இல் மீண்டும் நீராடுவோருக்குத் திறக்கப்பட்டது.