குளிரில் எஞ்சினைக் கிளப்பிய வரலாறு

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதியவர்கள் அது எவ்வளவு விரைவாக ஓடிற்று என்பதையே பெரிதும் எழுதினார்கள். விடியற்காலையில் அது எவ்வாறு கிளம்பிற்று என்று எழுதியவர் சிலரே. எங்கள் கொடுமுடி போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றுவதே அரிது. காவிரிக் கரையில் மார்கழி மாதத்திலும் நமக்கு ஒரு போர்வை போதும். வண்டிக்கு அதுவும் வேண்டா. ஆனால் நம் நாட்டின் வட எல்லையாகிய லடாக்கில், குளிர்காலத்து இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி, 30 டிகிரி சென்டிகிரேட் என்று இறங்கிவிடுகிறது. அங்கே ஒரு லாரி காலையில் கிளம்ப மறுத்தால், மலைமேல் காவல் நிற்கும் வீரனுக்கு மாவும் மண்ணெண்ணெயும் போய்ச் சேரா. ஆகவே இது வெறும் தொழில் நுணுக்கம் பற்றிய செய்தியன்று. மனிதர் உயிரைப் பற்றிய செய்தி.

குளிர் எஞ்சினுக்கு என்ன தீங்கு செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்து நிற்பதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். எஞ்சினின் மசகெண்ணெயும் கடுங்குளிரில் அவ்வாறே கெட்டிப்பட்டு, பிஸ்டனையும் அச்சையும் அசையவொட்டாமல் பிடித்துக்கொள்கிறது. அசைக்க மிகுந்த வலிமை வேண்டிய அந்த நேரத்தில்தான் பாட்டரியின் வலிமையும் குன்றுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் அது தன் ஆற்றலில் ஏறக்குறைய பாதியையே தரும். டீசலில் இயல்பாகவே மெழுகு கலந்திருக்கிறது. குளிர் மிகும்போது அது படிகமாகித் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். ரேடியேட்டரில் நிற்கும் வெறுந்தண்ணீரோ உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருமன் கூடி, வார்ப்பிரும்பையும் பிளக்கும். இவையெல்லாம் போதாவென்று இன்னொன்றும் உண்டு. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றில் பிறக்கும் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. சுற்றியுள்ள இரும்பு பனிபோல் குளிர்ந்திருந்தால் அந்த வெப்பத்தை இரும்பே குடித்துவிடும். எண்ணெய் பற்றாது; வெண்புகைதான் வரும்.

எஞ்சினுக்கு முன்கூட்டியே சூடு கொடுத்துக் கிளப்பும் வழக்கம் பனிநாட்டுக்கே உரியது என்று எண்ணிவிட வேண்டா. 1890-ல் ஆங்கிலேயரான ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட் உரிமை பெற்ற எண்ணெய் எஞ்சின், எந்த ஊரில் வைத்தாலும் சூடு கேட்டது. அதன் தலைப்பக்கத்தில் குமிழ் போன்ற ஓர் உறுப்பு இருக்கும். அதை ஊதுவிளக்கின் சுடரால் சில நிமிடம் காய்ச்சிய பிறகே சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் எஞ்சின் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர், கிணற்று நீரை எண்ணெய் எஞ்சினும் பம்பும் கொண்டு இறைக்கும் முறையைப் பரப்ப முயன்றார். கவலை மாட்டை நம்பியிருந்த குடியானவர்களுக்கு இது ஒரு புதுமை. என் இளமையில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நான் கண்டவை அவற்றுக்குப் பிந்திய டீசல் எஞ்சின்கள். ஹேண்டிலைக் கையால் சுற்றிக் கிளப்புவார்கள். தை மாதத்து விடியலில் எஞ்சின் முரண்டு பிடித்தால், எண்ணெயில் தோய்த்த துணியைக் கொளுத்திக் காற்றுக் குழாயின் வாயில் காட்டுவார்கள். இரண்டு சுற்றில் அது இருமிக்கொண்டு எழும். நம் ஊர்க் குளிருக்கே இவ்வளவு உபசாரம்! 1930-களில் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூர்ப் பகுதிக்கு வந்தது. கம்பி எட்டிய தோட்டங்களில் நாளடைவில் மின்மோட்டார் இடம்பெற, எஞ்சின் ஓய்வு பெற்றது. மின்கம்பி எட்டிய இடம், எட்டாத இடம் என்ற இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சின் மையம் அதுதான்.

1941-ஆம் ஆண்டின் இறுதியில் மாஸ்கோ நகரை நெருங்கிய ஜெர்மானியப் படை, பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக் குளிரில் அகப்பட்டது. வண்டிகள் கிளம்பவில்லை. டாங்கிகளின் அடியில் நெருப்பு மூட்டி எஞ்சினைக் காய்ச்ச வேண்டியதாயிற்று. ருஷ்யரின் டி-34 டாங்கியிலோ, பாட்டரி கைவிட்டால் உருளைகளில் அடைத்த அழுத்தக் காற்றைக் கொண்டே எஞ்சினைச் சுழற்றும் ஏற்பாடு இருந்தது. தம் நாட்டுக் குளிரை அறிந்து செய்தவர்களின் கைவேலை அது.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் கிராண்டு ஃபோர்க்ஸ் என்பது ஓர் ஊர். குளிருக்குப் பெயர் போனது. அவ்வூரினரான ஆண்ட்ரூ ஃப்ரீமன் கிராமங்களுக்கு மின்சாரம் வழங்கும் கூட்டுறவுப் பணியில் இருந்தவர். எஞ்சினின் தலைப்பகுதியை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் மின்சாரத்தால் சூடேறும் ஒரு போல்ட்டை வைக்கலாம் என்று அவர் கண்டார். அதற்கு 1949-ல் உரிமை கிடைத்தது. பின்னர் வந்த ‘பிளாக் ஹீட்டர்’கள் எஞ்சினைச் சுற்றியுள்ள நீர்க்கலவையை இரவெல்லாம் வெதுவெதுப்பாக வைக்கின்றன. கனடாவில் பல வண்டிகளின் முகப்பில் ஒரு மின்கம்பி தொங்குவதையும், வண்டி நிறுத்தும் இடங்களில் அதைச் செருகுவதற்கான மின்முனைகள் நிற்பதையும் காணலாம். அதிகச் செலவில்லாத எளிய கருவி. ஆனால் அதற்கு ஒன்று இன்றியமையாதது: இரவு முழுவதும் நிற்காத மின்சாரம்.

இப்போது லடாக்குக்கு வருவோம். 1948 நவம்பர் முதல் நாள், 11,500 அடி உயரமுள்ள ஸோஜிலா கணவாயில், 7-ஆவது லைட் கேவல்ரிப் படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் பனிக்கிடையே ஏறிச் சென்று எதிரியைத் திகைக்க வைத்தன. திட்டம் மேஜர் ஜெனரல் திம்மய்யாவுடையது. டாங்கிப் படையின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங். பாலங்கள் தாங்கமாட்டா என்று டாங்கிகளின் மேற்கூண்டுகளைக் கழற்றி, ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்கு மறைவாகக் கொண்டுசென்றிருந்தார்கள். பால்தாலிலிருந்து கணவாய்க்குச் சென்ற கோவேறு கழுதைப் பாதையை டாங்கி போகும் வழியாக்கியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ் வீரர்கள். இராணுவத்தில் அவர்களைச் செல்லமாகத் ‘தம்பிகள்’ என்றே அழைப்பார்கள். உலகில் அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் போரிட்டது அதுவே முதல் முறை. 1962 அக்டோபரிலோ, 20-ஆவது லான்ஸர்ஸ் படையின் ஆறு ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளை விமானத்தில் ஏற்றி, 14,000 அடிக்கு மேலுள்ள சுஷூலில் கொண்டு இறக்கினார்கள். போர் வரலாறுகள் தளபதிகளின் பெயரைப் போற்றுகின்றன; போற்றட்டும். இருட்டில் எழுந்து எஞ்சினைத் தட்டியெழுப்பிய மெக்கானிக்கின் பெயரை ஓர் அடிக்குறிப்பிலாவது சேர்த்திருக்கலாம் என்பது என் கருத்து.

அந்தப் பனிமலையில் பிளாக் ஹீட்டரைச் செருக மின்முனை ஏது? நெடுங்காலம் லே நகருக்கே டீசல் ஜெனரேட்டர்களும் சிறிய நீர்மின் நிலையங்களும்தான் மின்சாரம் தந்தன. ஆகையால் லடாக்கின் ஓட்டுநர்கள் பழைய வழிகளையே கைக்கொண்டார்கள். இரவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து எஞ்சினை ஓடவிடுவார்கள். ரேடியேட்டர் நீரை மாலையிலேயே வடித்துவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றுவார்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பார்கள். இவை ஒன்றும் பலிக்காதபோது, ஸ்டவ்வையோ ஊதுவிளக்கையோ கொளுத்தி எண்ணெய்த் தொட்டியின் அடியில் பிடிப்பார்கள். எரியெண்ணெயின் அருகே சுடரைக் கொண்டுபோவது எத்தகைய செயல் என்று சொல்லத் தேவையில்லை. அடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவதும் அதற்குக் குறைந்ததன்று. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவனை உறக்கத்திலேயே கொன்றுவிடும். குளிர்நாட்டில் ஒரு கம்பியைச் செருகிவிட்டு உறங்கப்போகும் மனிதனுக்கும், இவர்களுக்கும் இடையே உள்ள தூரம் அறிவின் தூரமன்று. மின்கம்பியின் தூரமே.

2019 பிப்ரவரியில் ஸ்ரீநகரிலிருந்து திராஸ், கார்கில் வழியாக லே வரை 220 கிலோவோல்ட் மின்பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்றே பானிப்பட்டு ஆலையில் செய்த குளிர்கால டீசலை வெளியிட்டது. அது பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரையில் ஓடும் தன்மை இழக்காதது. எஞ்சினைச் சூடாக்குவதற்கு மாறாக எண்ணெயையே குளிருக்குப் பழக்கிய இந்த வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆயினும் அது தீர்ப்பது டீசலின் குறையை மட்டுமே. மசகெண்ணெயும் பாட்டரியும் பழையபடி குளிருக்கு அஞ்சத்தான் செய்யும். மேலும், சமவெளியில் தொட்டி நிறையச் சாதாரண டீசலைப் பிடித்துக்கொண்டு மலையேறிய லாரிக்கு முதல் இரவில் அதனால் பயனில்லை. நாமக்கல்லிலிருந்தோ சங்ககிரியிலிருந்தோ சென்ற ஓட்டுநர் ஒருவர் அங்கே இரவு தங்க நேர்ந்தால், உள்ளூர்க்காரர் அவருக்குச் சொல்லும் முதல் யோசனை, வண்டியின் முகம் சரிவை நோக்கி இருக்குமாறு நிறுத்தச் சொல்வதுதான். காலையில் பாட்டரி கைவிட்டாலும், சரிவில் உருட்டி கியரில் போட்டுக் கிளப்பலாம் அல்லவா?