‘ஆமாம்’ என்றால் எதற்கு ஆமாம்?

1966 ஜனவரியில் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் தம்முடைய ‘எலிசா’ பற்றிய கட்டுரையை வெளியிட்டார். தட்டச்சில் பேசினால் தட்டச்சிலேயே பதில் சொல்லும் நிரல் அது. மனநல மருத்துவரைப் போலக் கேட்டுக்கொண்டே இருந்த ‘டாக்டர்’ ஸ்கிரிப்ட்தான் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதைவிடப் பெரிய சாதனை, நிரலிலிருந்து பேச்சைத் தனியே பிரித்தது. எந்தச் சொல் வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்ற விதிகள் முழுவதும் ஸ்கிரிப்டில் இருந்தன. அதை மாற்றி எழுதியதும் எலிசா ஜெர்மனிலும் வெல்ஷிலும் பேசியது.

பேசுபவரின் வாக்கியத்தில் எலிசா திறவுச்சொற்களைத் தேடும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பு உண்டு. ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல்லுக்கு 50, ‘என்’ என்பதற்கு வெறும் 2. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் பேச்சு கம்ப்யூட்டர் பக்கம்தான் போகும். ‘என்’ முன்னிலை பெற்ற வாக்கியங்கள் சிலவற்றை அது தனியே சேர்த்தும் வைத்தது. பிறகு ஒரு திறவுச்சொல்லும் சிக்காமல் திணறும்போது அவற்றில் ஒன்றை எடுத்து, முன்பு இப்படிச் சொன்னீர்களே என்று தொடரும். அருமையான தந்திரம்! மற்றபடி, அந்த நேரத்து வாக்கியத்தைத் தாண்டி அதற்கு எதுவும் தெரியாது.

இத்தகைய நிரல்களுக்குள் மனநிலையைக் கொண்டுவந்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் கென்னத் கோல்பி. 1970களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய ‘பாரி’ ஒரு கற்பனை நோயாளி: வயது 28, தபால் அலுவலக ஊழியர், மாஃபியா தன்னைத் துரத்துகிறது என்று நம்புபவர். அச்சம், கோபம், அவநம்பிக்கை என்று மூன்று அளவுகள் அதற்குள் இருந்தன. சீண்டினால் கோபம் ஏறும், மாஃபியா பேச்சு வந்தால் அச்சம் கூடும். அவநம்பிக்கை மட்டும் மிக மெதுவாகவே இறங்கும். ஒரே கேள்விக்குத் தொடக்கத்தில் ஒரு பதிலும், சண்டைக்குப் பிறகு வேறு பதிலும் வரக் காரணம் இதுதான். பேச்சு எந்தக் கிளையில் பிரிவது என்பதை இப்போது சொல்லோடு சேர்ந்து நடந்து முடிந்த உரையாடலும் தீர்மானித்தது.

1995-இல் ரிச்சர்ட் வாலஸ் தொடங்கிய ‘ஆலிஸ்’ என்ற உரையாடல் நிரல் (சாட்பாட்) இன்னொரு சிக்கலைத் தொட்டது. பயனர் ‘ஆமாம்’ என்கிறார். எதற்கு ஆமாம்? வாலஸின் ஏ.ஐ.எம்.எல். மொழியில் இதற்கென்றே ‘தட்’ என்ற குறி இருந்தது. பாட் தான் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தைப் பார்த்துக் கிளையைத் தேர்ந்தெடுக்கும். சினிமா பிடிக்குமா என்று கேட்டிருந்தால், ‘ஆமாம்’ வந்ததும் பிடித்த படம் எது என்று தொடரலாம். 2000, 2001, 2004 ஆண்டுகளில் உரையாடல் நிரல்களுக்கான லோப்னர் பரிசை ஆலிஸ் வென்றது.

ஆனால் ‘தட்’ ஒப்பிட்டது கடைசி வாக்கியத்தை மட்டுமே. கேள்வி கேட்டுவிட்டு, அதே பதிலில் பாட் இன்னொரு வரி சேர்த்தால் வரும் ‘ஆமாம்’ அந்தரத்தில் நிற்கும். ஆகவே அந்த மொழியில் எழுதியவர்கள் கேள்வியைப் பதிலின் கடைசியில் வைக்க வேண்டியிருந்தது. நெடுநேரம் நினைவில் நிற்க வேண்டிய பெயர், ஊர், விருப்பம் போன்றவற்றை மாறிகளில் சேமித்து, நிபந்தனைக் குறிகளால் கிளை பிரித்தார்கள்.