சிறு பிள்ளைகளும் நம் பொறுமையும்



இயேசுவின் கோபம் என்றதும் நம் நினைவுக்கு வருவது எருசலேம் கோவிலும் கவிழ்ந்து கிடந்த மேசைகளும்தான். ஆனால் அவர் தம் சீடர்கள்மீதே கோபம் கொண்ட நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அதற்குக் காரணம் சிறு பிள்ளைகள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைச் சீடர்கள் அதட்டினார்கள். போதகருக்கு நேரமில்லை, கூட்டம் அதிகம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். இயேசு அப்போது கோபம் கொண்டார் என்று எழுதுபவர் மாற்கு ஒருவரே (10:13-16). அங்கு வரும் கிரேக்க வினைச்சொல்லை நற்செய்திகளில் வேறு எந்த இடத்திலும் இயேசுவுக்குப் பயன்படுத்தவில்லை. அவர் பிள்ளைகளை அணைத்துக்கொண்டதையும் இந்நிகழ்ச்சியில் மாற்கு மட்டுமே குறிப்பிடுகிறார். லூக்கா வேறொரு விவரம் தருகிறார். அவர் எழுதும் சொல் கைக்குழந்தைகளைக் குறிப்பது. அந்த வயதுக்கு உவமை சொல்லியும் பயனில்லை, அறிவுரை கூறியும் பயனில்லை. இயேசு அவர்களுக்குக் கொடுத்தது தம் நேரத்தையும் தம் கைகளையும்தான்.

அந்தக் காலத்து உலகை எண்ணிப் பார்த்தால் இச்செயலின் அருமை இன்னும் விளங்கும். எகிப்தில் கிடைத்த பழைய கடிதம் ஒன்று கி.மு. 1-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அலெக்சாந்திரியாவில் வேலை செய்த ஒருவர் ஊரில் கருவுற்றிருந்த தம் மனைவிக்கு எழுதியது. பிறப்பது ஆணாக இருந்தால் வைத்துக்கொள், பெண்ணாக இருந்தால் வெளியே போட்டுவிடு என்பது அதில் உள்ள செய்தி. அதே கடிதத்தில் அவர், கவலைப்படாதே, சின்னவனைப் பார்த்துக்கொள், கூலி கிடைத்ததும் அனுப்புகிறேன் என்றும் எழுதுகிறார். அவர் கொடியவர் அல்லர், ஊர் வழக்கப்படி நடந்த சாதாரணக் குடும்பத் தலைவர். இப்படிப்பட்ட உலகில்தான் தொடக்கத் திருச்சபை பிறந்த சிசுவைக் கொல்லலாகாது என்று 'திதாக்கே' என்னும் தன் பழைய போதனை நூலில் எழுதி வைத்தது. தந்தைக்கு எல்லையற்ற அதிகாரம் கொடுத்திருந்த அதே உரோமை உலகில்தான் திருத்தூதர் பவுல், தந்தையரே, பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள் என்ற கருத்தை எபேசியருக்கும் கொலோசையருக்கும் எழுதினார். கொலோசையருக்கு அவர் காட்டும் காரணம் கவனிக்கத்தக்கது: பிள்ளைகள் மனம் தளர்ந்துபோவார்கள் என்பதே அது. குழந்தைக்குத் தளரக்கூடிய ஒரு மனம் உண்டு என்று கண்டுகொண்டவர் அவர்.

நம் ஊரில் 'அடியாத மாடு படியாது' என்பார்கள். அன்பியக் கூட்டங்களில் இந்தப் பேச்சு எழுந்தால், பிரம்பைக் கையாளாதவர் தம் மகனை வெறுப்பவர் என்ற நீதிமொழிகள் நூலின் வாக்கையும் (13:24) யாராவது கட்டாயம் நினைவூட்டுவார்கள். அந்த வாக்கு கண்டிப்பைத்தான் சொல்கிறது, அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்குப் பிரம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லேதான் 23-ஆம் திருப்பாடலில் ஆயரின் கோலையும் குறிக்கிறது. அந்தக் கோல் ஆட்டுக்கு அச்சத்தைத் தரவில்லை, ஆறுதலைத் தருகிறது. கண்டிப்பு வேண்டும். ஆனால் நாள் முழுவதும் பிள்ளையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காதவர், தட்டைத் தட்டிவிட்டபோது மட்டும் திரும்பிப் பார்த்து அடித்தால், அதற்குக் கண்டிப்பு என்று பெயரிட முடியாது. அது நம் களைப்பு, நம் கடன் தொல்லை, அலுவலகத்தில் நாம் வாங்கிய திட்டு. மூன்று வயதுக் குழந்தை அதற்குப் பொறுப்பல்ல.

இக்காலத்தில் அடியைவிட அதிகமாக நடப்பது வேறொன்று. முன்பு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினார்கள். காக்கைக்கு ஒரு வாய், நாய்க்குட்டிக்கு ஒரு வாய் என்று கதை சொல்லி முடிப்பதற்குள் அரைமணி நேரம் ஓடிவிடும். இப்போது கைப்பேசியைச் செம்பில் சாய்த்து வைத்தால் பத்து நிமிடத்தில் கிண்ணம் காலியாகிவிடுகிறது. வேலைக்கு ஓடவேண்டிய தாயை நாம் குறை சொல்லவில்லை. கணவர் வளைகுடா நாட்டில், மாமியார் படுக்கையில், அடுப்பில் பால் என்றிருக்கும் வீடுகள் நம் பங்குகளில் எத்தனையோ. ஆனாலும் இரண்டு வயது நிறையாத குழந்தைகளைத் திரையின் முன் உட்காரவைக்க வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்திருக்கிறது. குழந்தை பார்க்கும் திரையை மட்டும் எண்ணினால் போதாது, குழந்தை நம்மைப் பார்க்கும் வேளையில் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் திரையையும் எண்ண வேண்டும்.

எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். தாய் சில மாதக் குழந்தையோடு சிரித்து விளையாடுகிறார். பிறகு ஓரிரு நிமிடங்கள் எந்த உணர்ச்சியும் காட்டாமல் முகத்தை அசைவின்றி வைத்துக்கொள்கிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, குரல் கொடுக்கிறது, கையை நீட்டுகிறது. எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, சில குழந்தைகள் அழுதுவிடுகின்றன. கைப்பேசியில் மூழ்கிய முகமும் ஏறக்குறைய அந்த முகம்தான். ஆனால் சோதனை அதோடு முடிவதில்லை. தாய் மீண்டும் சிரித்துப் பேசும்போது பிணைப்பு திரும்பி வருகிறது, உடனே வராவிட்டாலும். எந்தத் தாயும் எந்நேரமும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அது தேவையும் இல்லை. அறுந்த இழையை மறுபடி முடிச்சிடுவதுதான் முக்கியம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஒப்புரவு அருட்சாதனத்தைக் கொண்டாடும் நமக்கு இது புதிய செய்தியல்ல. பிள்ளையிடம் 'அம்மா கோபத்தில் கத்திவிட்டேன், வருந்துகிறேன்' என்று சொல்வதால் பெற்றோரின் மதிப்பு குறைந்துவிடாது.

அன்பைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் முதலில் சொல்லும் பண்பு பொறுமை. அவர் எழுதும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'கோபம் கொள்ளத் தாமதிப்பது' என்ற பொருள் உண்டு. விடுதலைப் பயண நூல் கடவுளுக்குச் சூட்டும் பண்பும் அதுவே. ஒரே கதையைப் பதினைந்தாம் முறை கேட்கும் பிள்ளைக்குப் பதினைந்தாம் முறையும் சொல்வது சிறிய காரியம் அல்ல.

மரியாவும் யோசேப்பும் மூன்று நாள் தேடிக் களைத்தபின் மகனைக் கோவிலில் கண்டார்கள். அன்னை முதலில் அவரிடம் ஒரு கேள்வியைத்தான் கேட்டார். தாங்கள் பட்ட வேதனையையும் மறைக்காமல் சொன்னார். மகன் தந்த பதில் அவர்களுக்குப் புரியவில்லை என்று லூக்கா வெளிப்படையாகவே எழுதுகிறார் (2:50). ஆயினும் மரியா இந்நிகழ்ச்சிகளையெல்லாம் உள்ளத்தில் பதித்து வைத்துக்கொண்டார். சிறு பிள்ளைகள் பேசுவதில் பாதி நமக்குப் புரிவதில்லை. சாமி தூங்குவாரா, தாத்தா கல்லறைக்குள் எப்படி மூச்சுவிடுவார் என்று கேட்கிறார்கள். சிரித்துத் தள்ளிவிட்டால் அடுத்த கேள்வியை அவர்கள் நம்மிடம் கொண்டுவரமாட்டார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' மடலின் ஏழாம் அதிகாரத்தில், நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கிறார். எந்தத் தெருவில் என்று அவர் கேட்கவில்லை, அவர்களின் உள்ளம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். பதின்ம வயதில் இதைத் தேட ஆரம்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் கதவு சாத்தியே இருக்கிறது.

நம் ஆலயத்தையும் சற்றுப் பார்ப்போம். திருப்பலியில் ஒரு குழந்தை அழுதால் எத்தனை தலைகள் திரும்புகின்றன! அந்தப் பார்வைக்குப் பயந்து வாசல்படியிலேயே நின்றுவிடும் தாய்மார் உண்டு, ஞாயிறு வருவதையே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. சீடர்கள் செய்ததும் இதைத்தான். 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தபோது, பசித்து அழும் பிள்ளைக்கு அங்கேயே தயங்காமல் பாலூட்டுங்கள் என்று தாய்மாரிடம் சொன்னார் திருத்தந்தை பிரான்சிஸ். சிறுவர் திருப்பலிக்கென 1973-இல் உரோமை வெளியிட்ட வழிகாட்டி நூல், மிகச் சிறிய குழந்தைகளைப் பங்கு உதவியாளர்கள் தனி இடத்தில் பார்த்துக்கொண்டு, இறுதி ஆசீருக்கு உள்ளே அழைத்துவரலாம் என்கிறது. ஒரு பாய், இரண்டு இளம்பெண்கள், கொஞ்சம் மரப்பொம்மைகள் இருந்தால் எந்தப் பங்கிலும் இதைச் செய்யலாம்.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு செய்தி. 1954-இல் உரோமையில் சோபியா கவலெத்தி என்ற விவிலிய அறிஞரும், மொந்தெசோரி முறையில் பயின்ற ஜியான்னா கோபி என்ற ஆசிரியையும் 'நல்லாயன் மறைக்கல்வி' என்ற முறையைத் தொடங்கினார்கள். சிறிய மேசை, மரத்தால் செய்த ஆயனும் ஆடுகளும், மெதுவாகச் சொல்லப்படும் உவமை. அதன்பின் ஆசிரியை பேச்சைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கவனிப்பார். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை அதிகம் ஈர்த்தது, ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆயன்தான் என்று அப்படிக் கவனித்துத்தான் கண்டுகொண்டார்கள். நம் வகுப்புகளிலோ செபங்களை மனப்பாடமாக ஒப்புவிக்க வைப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. எத்தனை பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியும்?

திருமுழுக்கு நாளில் அருள்பணியாளர் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்தபின், பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் அவ்வாறே வரைய அழைக்கிறார். அதை அன்றோடு நிறுத்தவேண்டியதில்லை. இரவில் பிள்ளை தூங்கப்போகும்முன் விளக்கை அணைத்து, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அன்று நடந்ததை அது சொல்லக் கேட்கலாம். பிறகு பெருவிரலால் நெற்றியில் சிலுவை வரையலாம். அப்பா கடல் கடந்து இருக்கும் வீடுகளில் அவர் அழைப்பில் இருக்கும்போதே, அவர் பெயரைச் சொல்லிப் பாட்டி வரையட்டும்.